தீர்த்தக் கரண்டியும் மாத்திரையும்

வேலேந்திய பெருமானே, அடியேன் எழுதும் இச்சிறு நினைவுக்கு முன்னே உன் திருவடி நிற்க. இன்று பங்குனி உத்திர நன்னாள்.

சுங்கை லாலாங் ரப்பர்த் தோட்டத்து முருகன் கோவிலில் உத்திரத்தன்று பதிகம் பாடுவது நெடுங்காலமாக என் பணி. இவ்வாண்டு விரதம் தொடங்கிய வேளையில் காலில் புண் பழுத்தது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். விரத நாளில் உச்சிப்பொழுது வரை தீர்த்தமன்றி வேறு நீர் பருகேன். ஆகவே காலைப் பூசை முடிந்ததும் ஒரு கரண்டித் தீர்த்தத்தோடு மாத்திரையை விழுங்கி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வெகுநேரம் துதித்திருப்பேன்.

சில நாளில் நெஞ்சின் நடுவே கனல் மூண்டது. கஞ்சிகூடக் கீறிக்கொண்டு இறங்கிற்று. மூச்சிழுத்துப் பண் எடுத்தால் வலி குரலை மறித்தது. உத்திரத்துக்குப் பாட இயலாதோ என்று கலங்கினேன்.

சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் குழாய்விட்டுப் பார்த்த பெண் மருத்துவர், உணவுக்குழாய் அழற்சி என்றார்.

“நெறையப் பேருக்கு வயித்துப் புளிப்பு மேல ஏறி இப்படி ஆகும், ஐயா. சிலருக்கு ஒத்துக்காத சாப்பாடு, சிலருக்குப் பூஞ்சைக் கிருமி. உங்களுக்கு நடுக்குழாய்ல மட்டும் புண்ணு. மாத்திரைய எப்படி முழுங்குவீங்க?”

என் மனைவி முந்திக்கொண்டாள். “ஒரு கரண்டி தண்ணி, டாக்டர்! அப்புறம் தரையில விழுந்தா எந்திரிக்கவே மாட்டாருலா. நின்னு நின்னு சாமிக்கே கால் வலிச்சிரும்!”

மருத்துவர் சிரித்துவிட்டார். “மாத்திரை பாதியில ஒட்டிக்கிட்டு அங்கயே கரைஞ்சு சுட்டிருக்கு. வேற மருந்து தரேன். கிளாஸ் நெறையத் தண்ணியோட முழுங்கிட்டு, அரை மணி நேரமாச்சும் நிமிர்ந்து இருங்க.”

“உத்திரத்துக்குப் பாடலாமாம்மா?”

“சொன்னபடி கேட்டா பாடலாம்.”

நியமத்தை விட மனம் வரவில்லை. மறுநாள் கரண்டியை வைத்துவிட்டு, ஒரு செம்பு நீரை முருகன்முன் வைத்துப் படைத்தேன். முழுச் செம்பும் தீர்த்தமாயிற்று. அதனோடு மருந்தை விழுங்கி, நின்றபடியே பதிகம் சொன்னேன். முதலில் மனத்துக்குள், பின்னர் முணுமுணுப்பாக. புண் ஆற ஆறக் குரல் மேலேறியது.

இன்று சந்நிதியில் கடைசி அடிவரை பாடினேன். வணங்க நான் குனிந்தபோது மனைவி கையை நீட்டினாள். “இப்பதான மருந்து சாப்பிட்டீங்க? நின்னுக்கிட்டே கும்பிடுங்கலா.”

நின்றே வணங்கினேன்; குறையொன்றும் தோன்றவில்லை.

இதைப் படிப்போர் யாவர்க்கும் உண்பது இனிதே இறங்குக, நெஞ்சு குளிர்க, நாவில் அவன் திருநாமம் நீங்காது நிலைக்க.