ஆனந்தமேரி போடாத கையெழுத்து

1993இல் ஆனந்தமேரி மேனேஜராக வந்து சேர்ந்தபோது, நிலக்கோட்டையில் பாதிப் பேருக்குத் திடீரென்று பாங்கில் வேலை வந்துவிட்டது. பொம்பளை மேனேஜர் எப்படி இருப்பார் என்று பார்க்க வேண்டுமே! அறைக்குள் எட்டிப் பார்த்து, "மேனேஜர் எப்ப வருவாரு?" என்று அவரிடமே கேட்டவர்களும் உண்டு. அந்தக் கிளையில் அதுவரை அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை.

திண்டுக்கல்லில் வாத்தியார் வீட்டுப் பெண் அவர். எழுபத்தொன்றில் கிளார்க்காகச் சேர்ந்தபோது, கல்யாணம் ஆனால் நின்றுவிடுவாள் என்றார்கள். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பிள்ளைகள் பிறந்தன, நிற்கவில்லை. பதவி உயர்வுக்குப் பரீட்சை எழுதினால் எங்காவது தூக்கியடிப்பார்கள் என்று பயமுறுத்தினார்கள். எழுதினார், அடித்தார்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இதற்கெல்லாம் தாராளமாகக் கைதட்டலாம். அடுத்து நடந்ததைக் கேட்டபிறகும் தட்ட மனம் வந்தால் தட்டுங்கள்.

ஆண் மேனேஜர் தப்புச் செய்தால் அது அந்த ஆளின் தப்பு. ஆனந்தமேரி தப்புச் செய்தால், 'பொம்பளையப் போட்டா இப்படித்தான்' என்பார்கள். அது அவருக்கு நன்றாகவே தெரியும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சட்டம் பார்த்தார்.

மறுவருடம் ஜூன் மாதம், மல்லிகைப் பூ எடுக்கிற சகாயராணி ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். பைக்குள் நாலாயிரம் ரூபாய். இரண்டு வருடமாக அரிசிப் பானைக்குள் ஒளித்துச் சேர்த்தது. மகள் ஜெஸ்ஸி பிளஸ் டூ தேறியிருந்தாள். நர்சு படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆகஸ்டில் பணம் கட்ட வேண்டும். அதுவரை புருஷன் கஸ்பாரின் கண்ணில் படாமல் இருக்கத்தான் பாங்குக்கு வந்திருந்தாள்.

அந்தக் காலத்தில் புதுக்கணக்கு தொடங்க, அதே கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். சகாயராணிக்குத் தெரிந்து அங்கே கணக்கு வைத்திருந்த ஒரே ஆள் பூக்கமிஷன் கடை முத்துச்சாமி.

"அவரு எங்க வீட்டுக்காரருக்குக் கூட்டாளிம்மா. அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சாப்ல. நீங்க போட்டா ஆகாதா?"

"ஆகாதும்மா. மேனேஜர் போடச் சட்டமில்ல" என்றார் ஆனந்தமேரி.

பச்சைப் பொய். அவருடைய சம்பளக் கணக்கு அந்தக் கிளையில்தான் இருந்தது. சகாயராணி படியிறங்கியதும் ஹெட் கேஷியர் ரஹ்மத்துல்லா அறைக்குள் வந்தார்.

"மேடம், நீங்களே போடலாமே. போன மேனேஜர் அவரு தோஸ்துகளுக்கெல்லாம் போட்டுக் குடுத்தாரு. கூப்பிடட்டுமா? இன்னும் வாசலத் தாண்டல."

பொம்பளைக்குப் பொம்பளை சலுகை என்று நாளைக்கு யாராவது மொட்டைக் கடிதம் போட்டால்? ஆனந்தமேரிக்கு அந்த நேரத்தில் அது மட்டும்தான் தோன்றியது. "வேண்டாம்" என்றார்.

சகாயராணி முத்துச்சாமியிடமே போய்க் கெஞ்சிக் கையெழுத்து வாங்கி வந்து பணத்தைப் போட்டாள். நாலாம் நாள் கஸ்பாரோடு வந்தாள். உதடு வீங்கியிருந்தது. கஸ்பார் பக்கத்தில் நிற்க, பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். கணக்கு அவளுடையது, கையெழுத்தும் அவளுடையது. சட்டப்படி எல்லாம் சரி. ஆனந்தமேரி சீட்டை அனுமதித்தார். ஜெஸ்ஸி அந்த ஆகஸ்டில் நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள் என்று ரஹ்மத்துல்லாதான் பிறகு சொன்னார். 

அதற்குப் பிறகு வந்த பெண் ஒருத்தியையும் அவர் கையெழுத்துக்காக அலையவிடவில்லை. தாடிக்கொம்பு, திண்டுக்கல் என்று எந்தக் கிளைக்கு மாற்றினாலும் தானே அறிமுகம் போட்டார். மேலிடம் விளக்கம் கேட்டது, கொடுத்தார். இதைத்தான் பெரிய மனசு என்று ஊர் கொண்டாடியது. 2007இல் ஓய்வு பெற்றபோது மகளிர் குழுக்கள் சேர்ந்து விழா எடுத்தன. "எந்தப் பொம்பளையும் அம்மாகிட்டப் போயி வெறுங்கையோட திரும்புனதில்ல" என்று மைக்கில் ஒருத்தி முழங்கினாள். ஆனந்தமேரிக்கு அந்த மேடையிலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்லிவிடத்தான் எழுந்தார். மாலையும் கழுத்துமாக நின்று, நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுவாரம் விசாரித்துக்கொண்டு சகாயராணியின் ஊருக்கே பஸ் ஏறினார். கஸ்பார் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. சகாயராணி அவரைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அன்னைக்கு உங்களுக்குச் சங்கடம் குடுத்துட்டேன்மா. சட்டத்துல இல்லாதத நாந்தேன் கேட்டுப்புட்டேன். மனசுல வச்சுக்காதீக."

ஆனந்தமேரி நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"சட்டம் இருந்துச்சு சகாயராணி. நான் போட்டிருக்கலாம். பொய் சொல்லிட்டேன்."

சகாயராணி நிமிர்ந்து பார்த்தாள். "போட்டிருக்கலாமா?" என்றாள்.

"போட்டிருக்கலாம். எனக்குப் பயமா இருந்துச்சு."

"உங்களுக்கா?"

ஆனந்தமேரி தலையைக் குனிந்துகொண்டார். சகாயராணி திட்டவில்லை, அழவுமில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"ஒரு உதவி செய்யுங்கம்மா. இத ஜெஸ்ஸிகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லிட்டுப் போங்க. புத்தியில்லாம அந்த முத்துச்சாமிகிட்டப் போயி நின்னு எம் பொழப்பக் கெடுத்துட்டியேன்னு பதிமூணு வருசமா அவ என்னையத்தேன் ஏசிக்கிட்டிருக்கா. மில்லு விட்டு ஆறு மணிக்கு வந்துருவா."

அப்போது மணி நாலு. திண்டுக்கல் பஸ் நாலரைக்கு. ஆனந்தமேரி நாற்காலியில் உட்கார்ந்தார்.