டப்பாவுக்குள் படிகம்

லேப்பில் அவளுக்கு ‘போலீஸ்’ என்று பெயர். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். துடைத்த கண்ணாடியைத் திரும்ப வெளிச்சத்தில் பிடிப்பாள். பத்தொன்பது வருஷமாக லேசருக்கு லென்ஸும் கண்ணாடியும் நேர்படுத்துகிற வேலை. தன் கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுப் படிக்க வைத்த தம்பி, அதே லேப்பில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மெல்லிய பிளவு வழியாக ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்புவான். எந்தப் பிளவு வழியாகப் போனாய் என்று துகளை அதட்டிக் கேட்டால் திரையில் விழும் வெளிச்ச வரிகள் கலைந்துவிடும். பட்டும் படாமலும் கேட்க வேண்டும். அதற்குத்தான் நடுவில் ஒரு மெல்லிய படிகம். துகள் போகிற திசையை அந்தத் துகளிலேயே துளியூண்டு அடையாளமாகப் பதித்துவிடும். ஒரு துகளை வைத்து ஒரு மண்ணும் தெரியாது. லட்சக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால், இடத்துக்கு இடம் திசை தெரியும். கோர்த்தால் வளைந்து வளைந்து பாதைகள் வரும்.

வந்தன. அநியாயத்துக்கு அழகாக வந்தன! லாரி போனாலே ஆடுகிற மேஜையில், ஒரு பிசிறுகூட இல்லாமலா? அவளுக்கு உறுத்தியது. திங்கட்கிழமை அவன் சாப்பிடப் போன நேரத்தில் கருவியின் மூடியைத் திறந்து, படிகத்தைக் கழற்றித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டாள். கடவுளே, படிகம் இல்லாமல் நாளைக்குப் பாதை வரக் கூடாது, ‘என்னமோ கோளாறுக்கா’ என்று வந்து நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“சூப்பரா வந்திருக்குக்கா!” என்றான் செவ்வாய்க்கிழமை. புதனும் அதே பாட்டு.

வியாழன் காலை, ஆய்வேட்டில் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய நாள்.

“இது நேத்து அளந்ததாடா?” என்று அவன் தாளில் இருந்த பாதைகளைக் காட்டிக் கேட்டாள்.

“ஆமாக்கா.”

“நிஜமா? கம்ப்யூட்டர்ல சமன்பாட்டைப் போட்டு வரைஞ்சதில்லையே?”

“என்கிட்டயேவா உன் போலீஸ் வேலை? உன் மேல சத்தியமா அளந்ததுதான்.”

அவள் டப்பாவைத் திறந்து படிகத்தை அவன் தாள் மேல் வைத்தாள்.

“இது திங்கட்கிழமையிலருந்து என்கிட்டதான் இருக்கு.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “ஒன்பது மாசமா பிசிறாவே வந்துச்சுக்கா. இந்த வருஷம் போனா எல்லாம் போச்சு. சார்கிட்ட சொல்லிடாதேக்கா.”

வெளியே பேராசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நான் சொல்ல மாட்டேன். என் மேல சத்தியம் பண்ணின வாயாலயே நீ சொல்லு” என்று கதவைத் திறந்துவிட்டாள்.