டொலமைட் படாத மண்ணைத் தேடி ஸ்பிரிங்வெளிக்கு

மண் எடுக்கப் பதுளைக்குப் போனேன் என்றால், கொழும்பில் மண் இல்லையா என்று கேட்கிறார்கள். எனக்கு வேண்டியது மலைநாட்டு மண். வல்லரசுகள் ஒரு காலத்தில் வானில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் கதிரியக்க ஸ்ட்ரோன்டியம், மழையோடு உலகெங்கும் இறங்கியது. அதில் மிச்சம் எவ்வளவு என்பதுதான் என் ஆய்வு. அணுக்களைத் திணிவுவாரியாகப் பிரித்து எண்ணும் நிறமாலைமானி எங்களிடம் இல்லை. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று ஒரேயொரு முறை இடம் தந்திருந்தது. மண் பிழையானால் ஆய்வே போச்சு.

2006 பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை கொழும்புக் கோட்டையில் காலை ரயில் ஏறி மாலையில் பதுளையில் இறங்கினேன். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு மண் எடுக்கும் இரும்புக் குழாயும் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அலுவலகக் கடிதத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்டோ. ஓட்டுநர் யோகன் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர். தோட்ட முகாமையாளரான துரை அனுமதி தந்த தேயிலை மலையில் இறங்கினால், கவாத்து வெட்டிய செடிகளுக்கடியில் நிலம் மாவு கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடந்தது.

"டொலமைட் மிஸ். கவாத்து வெட்டுனா போடுவாங்க. எல்லா மலையிலயும் அப்படித்தாங்க."

 டொலமைட் என்ற அந்தச் சுண்ணக்கல் தூளில் சாதாரண ஸ்ட்ரோன்டியம் உண்டு. நான் தேடும் ஓர் அணுவைச் சுற்றி அதன் சாதாரண உறவினர் கோடிக்கணக்கில் நிற்பார்கள். இதையும் சேர்த்தால் கருவி திணறிவிடும். வெறுங்கையோடு திரும்புவதில்லை என்று முடிவெடுத்தேன். உரமும் மண்வெட்டியும் படாத புல்தரை எங்கே என்று கேட்டேன். யோகன் மாதா கோயில் வளவுக்குக் கூட்டிப்போனார்.

செபம் முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. செபம் நடத்தும் உபதேசியார் முகம் கொடுக்கவில்லை.

"முன்ன வந்தவங்க தண்ணி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. என்னா கண்டாங்கன்னு யாரும் வந்து சொல்லலீங்க."

"நான் வந்து சொல்லுவன் ஐயா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

நான் நகரவில்லை. படியில் உட்கார்ந்து, வந்து கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினேன். ஸ்ட்ரோன்டியம் கல்சியம் மாதிரி, உடம்புக்குள் போனால் எலும்பில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். வெயில் ஏறியது. கடைசியில் உபதேசியாரே வந்தார்.

"தோண்டுங்க. ஆனா முடிவ ஒரு ஞாயித்துக்கெழம வந்து எல்லார் முன்னுக்கும் சொல்லணும்."

குழாயை அடித்து இறக்கி மண்ணை எடுத்தேன். அப்படியொரு சந்தோஷம்.

முடிவு வர மாதங்கள் ஆயின. அதே ரயில், அதே ஆட்டோ. கோயிலில் எழுந்து நின்று சொன்னேன்: இந்த மண்ணில் அது இருக்கிறது, மிகச் சொற்பம், இந்த அளவு மண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உபதேசியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் கேட்டார்:

"மண்ண யாரு மிஸ் திங்கிறா? லயத்து மாட்டுப் பாலத்தானே புள்ளைங்க குடிக்குது. அதுல எவ்வளவு இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; கல்சியம் மாதிரி என்று நானே சொன்னது, புல் வழியே பாலுக்கும் போகும்.

"பால் பாக்கேல்லையம்மா. பாத்திட்டு வந்து சொல்லுறன்."

அந்தக் கருவிக்கு இனி யாரிடம் கெஞ்சுவது என்று தெரியவில்லை. எப்படியும் கெஞ்சத்தான் போகிறேன். இப்படி மாதிரி எடுக்கப் போகிறவர்கள், திரும்பிப் போய் முடிவு சொல்லும் நாளையும் பயணத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதை அளக்க வேண்டும் என்று அங்குள்ளவர்களிடம் முதலிலேயே கேளுங்கள்.

அந்தப் பெண் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, பால் நிரப்பித் தரப் போத்தல் கழுவி எடுத்துவர லயத்துக்குப் போனார்.