ஆளில்லாமல் ஓடிய குதிரை

என் நாத்தனாருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வாரம் முழுக்க, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் கனமான மேலங்கியை மாட்டிக்கொண்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். விடுமுறை நாளில் குதிரைப் பந்தயத்துக்குப் போய்விடுவார்.

கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். எங்களோடுதான் இருக்கிறார்; என் கணவருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரை முதன்முதலில் பந்தயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அவருடைய அக்கா வீட்டுக்காரர். மனிதர் அன்றைக்கே கையில் இருந்ததையெல்லாம் தோற்று, இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார். அவருக்குத் தெளிந்த போதை அண்ணிக்கு ஏறிக்கொண்டது.

அண்ணி பணம் கட்டுவதே இல்லை. இதை என் கணவர் வெகுகாலம் நம்பவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டே விட்டார்.

"பந்தயம் கட்டாம யாராவது சும்மா குதிரை பாக்கப் போவாங்களாக்கா?"

அண்ணி நிதானமாகத் தண்ணீரைக் குடித்து முடித்தார். "கடலைப் பாக்கப் போறவங்க எல்லாம் மீனா பிடிக்கிறாங்க?" என்றார்.

என் கணவர் குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அண்ணிக்குப் பிடித்த குதிரை ஒன்று இருந்தது. கருஞ்சிவப்பு நிறம், பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. பந்தயத் தாளில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஏதோ போட்டிருக்கும். அண்ணி வைத்த பெயர் சோம்பி. பந்தயம் தொடங்கக் கதவு திறந்ததும் மற்றவை பாய்ந்து போக, இது மட்டும் ஏதோ மறந்துபோனதை யோசிப்பதுபோல் நின்றுவிட்டுத்தான் கிளம்பும். எப்போதும் கடைசிக்கு ஒன்றிரண்டு இடம் முன்னால் வந்து சேரும். ஜெயிக்கிற குதிரையை விட்டுவிட்டு ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அது தன் இஷ்டத்துக்கு ஓடுகிறது என்பார். பனி விலகாத காலையில் பயிற்சியைப் பார்க்கப் போனால் குதிரைகளின் கால்கள் தெரியாதாம். முதுகுகள் மட்டும் வெண்மையில் மிதந்து போகுமாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் தூக்கத்தில் பேசுகிறவரின் குரல்போல் இறங்கிவிடும். அடுப்பில் பால் பொங்குவதை நானும் கவனித்திருக்கமாட்டேன்.

ஒரு பந்தய நாளில் சோம்பி, கதவு திறந்த வேகத்தில் மேலிருந்த ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டது. தள்ளியதோடு நிற்காமல் ஓடத் தொடங்கியது. மேலே ஆளில்லை, சாட்டை இல்லை. கடிவாள வார் கழுத்தில் தளர்ந்து ஆட, ஒவ்வொரு குதிரையாகக் கடந்துபோய், வளைவில் வெளியோரமாக அகன்று திரும்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் எல்லைக் கம்பத்தைத் தாண்டியது. தாண்டிய பிறகும் நிற்கவில்லை. கூட்டம் சிரித்ததாம். ஆளில்லாத குதிரை ஜெயித்தாலும் கணக்கில் சேராது. அண்ணி மட்டும் அழுதுகொண்டு நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து, ஏன் அழுதேன் என்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். முகம் கழுவியும் கண்ணில் ஒரு வெளிச்சம் மிச்சமிருந்தது.

மறுநாள் காலை எக்ஸ்ரே அறைக்கு, தற்காலிகக் கட்டுப் போட்ட கையோடு ஒரு குள்ளமான மனிதர் வந்தார். அண்ணி பார்த்ததும் கண்டுகொண்டார். கையைப் பதமாகப் பலகையில் வைத்து, படம் எடுத்து முடித்த பிறகுதான் கேட்டாராம்: "அதுக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஜாக்கிக்கு யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. வலியோடு சிரித்தார்.

"கழுதை, நல்லாத்தான் இருக்கு. நான் புல்லுல கிடந்தபடியே பாத்தேங்க. என்னமா ஓடுச்சு! நான் மேல இருந்தப்ப ஒருநாளும் அப்படி ஓடினதில்ல."

அந்தக் குரலில் கோபமே இல்லை என்று அண்ணி பலமுறை சொல்லியிருக்கிறார். கட்டு மாற்ற வரும்போதெல்லாம் அவர் எக்ஸ்ரே அறை வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அப்படித்தான் ஒருநாள் லாயத்துக்கு வந்து பார்க்கச் சொன்னார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மத்தியான நேரம். வரிசையாக அரைக்கதவுகள், ஈர வைக்கோல் வாசனை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஜாக்கி உதட்டில் விரல் வைத்து எங்களை ஒரு கதவருகே நிறுத்தினார். உள்ளே சோம்பி வைக்கோலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அப்படிச் சாய்ந்து கிடப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. சற்று நேரத்தில் அதன் முன்னங்கால் லேசாக உதறியது. பிறகு மற்றொன்று. மூக்கு விடைத்தது. நான்கு கால்களும் காற்றில் மெல்ல ஓடத் தொடங்கின.

"கனவு," என்றார் ஜாக்கி, கிசுகிசுப்பாக.

எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டார். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினார். இத்தனை வருடம் தூரத்திலிருந்தே பார்த்த குதிரை கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, தொடாமலேயே நின்றார். "முடிச்சிட்டு எழுந்திருக்கட்டும்" என்றார். அது எங்கே ஓடிக்கொண்டிருந்ததோ, நாங்கள் மூவரும் இந்தப் பக்கம் சத்தமில்லாமல் காத்திருந்தோம். ஓட்டம் தளர்ந்து, நீண்ட பெருமூச்சோடு நின்றது. அது எழுவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

சில மாதங்களில் சோம்பியைக் குட்டி போடுவதற்காகத் தொலைவில் ஒரு பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணி இடிந்துபோவார் என்று வீட்டில் பயந்தோம். "அங்க வேலியைத் தாண்டி நிறைய புல்வெளியாம்" என்று மட்டும் சொன்னார். போய்ப் பார்க்கலாமே என்று என் கணவர் சொன்னதற்கு, அதை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்றார். அந்த வாரமும் வழக்கம்போலத் தலைவாரிக்கொண்டு கிளம்பினார்.

இப்போதெல்லாம் நானும் கூடப் போகிறேன். எனக்கு இன்னும் குதிரைகளில் ஒன்றுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவை வளைவைத் திரும்பும்போது காதுக்கு எட்டும் முன்பே செருப்புக்கு அடியில் சத்தம் வந்து சேர்வதை நானும் கண்டுபிடித்துவிட்டேன். அப்போது அண்ணி திரும்பிப் பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். குதிரைகள் போய், தூசி அடங்கி, ஆட்கள் அடுத்த பந்தயத்துக்கு இடம் மாறும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கும். நானும் எடுக்கச் சொல்வதில்லை.