ஸ்டான்வெல் பார்க்கில் என் பெட்டிப் பட்டம்

சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் கடற்கரை. விமானம் வருவதற்கு முன்பே, எந்த வடிவம் காற்றில் நிற்கும் என்று ஆராய்ந்த ஒருவர், பெட்டிப் பட்டங்களில் தொங்கித் தரையை விட்டு எழுந்தது இங்கேதான். அவர் நினைவாக நானும் ஒரு பெட்டிப் பட்டம் விடுகிறேன். நான்காவது முறையும் அது குட்டிக்கரணம் போட்டு மணலில் விழுகிறது. காற்று சரியில்லை என்று மனைவிக்கு விளக்குகிறேன்.

சிட்னியின் புறநகர் டூங்கபியிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் எழுந்து வருகிறார்.

"காத்தில பிழையில்லை அண்ணை. முச்சைதான் பிழை."

பட்டத்தில் நூல் கட்டிய அந்த முச்சை முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டுகிறார். பட்டம் ஜம்மென்று மேலேறி நிற்கிறது.

"அண்ணைக்கு என்ன வேலை?"

இருபது வருடமாக இன்ஜினியரிங் கல்லூரியில் விமான இறக்கையும் காற்றோட்டமும் பாடம் நடத்துகிறேன்.

"தமிழ் வாத்தியார்" என்கிறேன்.