ஹார்ட் டிஸ்க்குக்குத் தைத்த சட்டை

ஸ்டுடியோவில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அங்கே ஆல்பம் ஒட்டுகிறாள். எந்த மாமியாருக்கு எந்த மருமகளைப் பிடிக்காது என்று படத்தில் நிற்கிற நிற்பைப் பார்த்தே சொல்லிவிடுவாள், யாராவது கேட்டால். யாரும் கேட்டதில்லை. அவளை வைத்து ஒரு படம்கூட அங்கே கிடையாது. யாராவது கேமராவைத் தூக்கினால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள்.

ஆல்பம் அட்டைக்குப் போர்த்துகிற சிவப்பு வெல்வெட்டில் துண்டு மிஞ்சும். எறிய மனம் வராமல், எடிட்டரின் மேசையில் கிடந்த ஹார்ட் டிஸ்க்குக்குத் தூசி படாதபடி ஒரு சட்டை தைத்துப் போட்டாள். ஒயர் போக ஓரத்தில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.

“எம் பொண்ணுக்குக்கூட யாரும் இவ்வளவு அழகா தைச்சுக் குடுத்ததில்ல, பூனைக்கா,” என்றான் எடிட்டர். ஸ்டுடியோக்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். ஒரு வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எடிட்டர் நாலு மணிக்கே மகளைக் கூப்பிடப் பள்ளிக்கு நழுவிவிடுவான். அந்த நேரம் ஸ்டுடியோக்காரர் வெளி வேலையில் இருப்பார். இவன் நழுவுவது அவருக்குத் தெரியாது. படங்கள் ஏறி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைப்பதைப் பூனையிடம் விட்டிருந்தான். சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்: “நீல லைட்டு மினுங்குனா கை வைக்காதே. நின்னதும் எடு.”

சட்டை போட்ட பிறகு லைட் தெரியவில்லை. தெரியாததை நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டாள். மூன்று மாதம் தெய்வாதீனமாக ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை டிஸ்க்கைச் செருகியதும், எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று திரை கேட்டது. எடிட்டர் பதறி வேண்டாம் என்று அழுத்தினான். ஒயரை மாற்றிப் பார்த்தான். அடுத்த கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தான். அங்கே எப்படியோ திறந்தது. முதல் படத்தில் ஒரு மணப்பெண்ணுக்கு நெற்றி மட்டும் இருந்தது. புருவத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பதினோரு கல்யாணம் அதில் இருந்தது. கேமரா கார்டுகளையோ எப்போதோ அழித்துவிட்டார்கள்.

“ஓடிக்கிட்டிருக்கும்போதே உருவியிருக்கே,” என்று கத்தினார் ஸ்டுடியோக்காரர்.

“நான் உருவலண்ணே.”

“பின்னே யாரு, நம்ம பூனையா?”

எடிட்டர் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு தடவைதான். பசைப் பிரஷ்ஷும் கையுமாக நின்றவள், ஏற்கெனவே பசை தடவிய பக்கத்திலேயே மறுபடி தடவினாள். அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நாளையிலேருந்து வராதே,” என்றார் ஸ்டுடியோக்காரர். அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று வந்தாள். ஸ்டுடியோக்காரரின் முகத்தைப் பார்த்ததும் நேரே தன் மேசைக்குப் போய்விட்டாள். அன்று பூராவும் காலி நாற்காலிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தே வேலை செய்தாள்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். “இதுலயே வெச்சு சரி பண்ணப் பாத்தா உள்ளதும் போயிடும். முதல்ல இன்னொரு டிஸ்க்குல நகல் எடுப்போம்,” என்றபடி வெல்வெட்டைக் கழற்றினார். “இது யாரு வேலை? சட்டையைப் போட்டு லைட்டை மறைச்சிட்டீங்களே! ஓடுதா நின்னுச்சான்னு எப்படித் தெரியும்?”

“தூசிக்குப் போட்டதுங்க. உருவுறவன் கழட்டிப் பாக்க வேணாமா?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“எடுத்தது நான்தாண்ணே,” என்றாள் பூனை.

“என்ன?” அவருக்குக் காதில் விழவில்லை. இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. “தம்பி எடுக்கல. எப்பவும் நான்தான் எடுக்கறேன்.”

“ரெண்டு நாளா வாயைத் தைச்சா வெச்சிருந்தே?” என்றவர், சற்று யோசித்து, “அப்போ அவன் அந்நேரத்துக்கு எங்கே போனான்?” என்றார்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை.

ஒன்பது கல்யாணம் மீண்டு வந்தது. படங்களின் பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்களாக, ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, சேலைக்கரையையும் காது மூக்கையும் பார்த்து, குடும்பம் குடும்பமாக அவள்தான் பிரித்து வைத்தாள். மற்ற இரண்டு குடும்பத்துக்கும் நெற்றிகள்தான் மிஞ்சின.

திங்களன்று எடிட்டர் வந்தான். ஐந்து மணிக்கு முன்னால் நகரக்கூடாது என்ற நிபந்தனையோடு ஸ்டுடியோக்காரர் திரும்பக் கூப்பிட்டிருந்தார்.

அவன் மேசைக்குப் போய், “தம்பி...” என்று ஆரம்பித்தாள்.

“வாங்கக்கா,” என்றான். வா என்பவன் வாங்க என்றான். பூனைக்கா என்று கூப்பிடவில்லை.

நாலு மணி ஆனது. அவன் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். அவள் எழுந்து வந்து, “பாப்பாவை நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?” என்றாள்.

“வேணாங்க. அவங்கம்மா வேலையில பர்மிஷன் கேட்டுக்கிட்டுப் போறா.”

சட்டையில்லாத டிஸ்க்கில் நீல லைட் மினுங்கிக்கொண்டிருந்தது. நின்றதும் அவனே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினான். அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். ஒரு தடவை அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பூனை என்று கூப்பிட்டே திட்டியிருக்கலாம்.