பொழுது அடையாத ஊரில் ஒரு கைப்பிடிச் சோறு

என் மாமாவைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தவள் நான். பத்து வயதில், ஒரு மைப் பேனாவால் அதைச் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன், அவ்வளவுதான்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்கிற பெரிய கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவுக்கு அவர் 'கப்பல்காரர்'. கப்பலை ஓட்டுவதே அவர்தான் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அம்மா அதைத் திருத்தப் போகமாட்டாள். தாத்தாவுக்கு மட்டும் அந்த வேலை பிடிக்கவே இல்லை. ஒரே மகன் கடல் தாண்டிப் போகப் பெயர் கொடுத்துவிட்டான் என்று தெரிந்த நாளிலிருந்து அவனோடு பேசாமல் இருந்தவர், பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

அந்த வருஷ ஆடி அமாவாசைக்கு மாமா பாபநாசத்தில் முங்கித் தர்ப்பணம் செய்துவிட்டுத்தான் கப்பலேறினார். அடுத்த ஆடி அமாவாசை வந்தது. எந்தத் தேதியில் கப்பல் எந்த ஊரில் நிற்கும் என்று மாமா முன்னமே எழுதியிருந்தார். அமாவாசையன்று அது பூமியின் வடக்கு உச்சியில், வாயில் நுழையாத பெயருள்ள ஒரு துறைமுகத்தில் நிற்கும். அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கையெழுத்தை அவளாலேயே திரும்ப வாசிக்க முடியாது என்பதால் வீட்டுக் கடிதமெல்லாம் என் பொறுப்பு.

எள்ளும் தண்ணீரும் அங்கே நடவாது, போகட்டும். ஒரு கைப்பிடிச் சோறாவது காக்கைக்கு வைக்க வேண்டும். காக்கை எடுக்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. எடுக்காவிட்டால் போய்ச் சேர்ந்த அப்பாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்று அர்த்தம். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு அம்மாவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். காக்கை வரவே இல்லையென்றால் பொழுது அடைந்ததும் சாப்பிட்டுக்கொள் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். பம்பாயில் இருந்த கப்பல் கம்பெனி விலாசத்துக்குக் கடிதம் போனது.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர், வடதுருவத்துப் பக்கம் கோடையில் மாதக்கணக்காகச் சூரியன் மறையாது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். பொழுது அடைந்ததும் சாப்பிடு என்று எழுதியவள் நான். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பாமல் அப்பாவைக் கேட்டாள். அப்பாவுக்கு மைத்துனர் விஷயமென்றால் எப்போதும் கொண்டாட்டம்.

"டீச்சர் சொன்னது சரிதான். உன் தம்பி இனி ஐப்பசிலதான் சாப்பிடுவான்" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவும் இல்லை. இன்னொரு கடிதம் எழுதினாலும் அதற்குள் போய்ச் சேராது. இனி எல்லாம் அந்த ஊர்க் காக்கை கையில்.

அமாவாசையன்று எங்கள் மொட்டைமாடியில் சோற்றை வைத்து முடிப்பதற்குள் காக்கைகள் வந்து அடித்துக்கொண்டன. அதில் ஒன்றிரண்டை அங்கே அனுப்பி வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மாமா சாப்பிடும்வரை நானும் சாப்பிடுவதில்லை என்று மனதுக்குள் சபதம் செய்தேன். அந்தச் சபதம் உளுந்தவடை வேகும்வரை தாங்கியது. அம்மா மட்டும் அன்று பரிமாறியதோடு சரி. கேட்டால் வயிறு சரியில்லை என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து பம்பாயிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு கேசட். டேப்ரிக்கார்டரில் போட்டதும் முதலில் காற்று. அப்புறம் மாமாவின் குரல்.

கப்பலை விட்டு இறங்கிக் கரையில் நின்று பேசுவதாகச் சொன்னார். கப்பலின் உயரத்துக்கு முன்னால் ஊர் தீப்பெட்டி அடுக்கினது போல இருக்கிறதாம். சிவப்பும் மஞ்சளுமாய் இருபது மர வீடுகள். பின்னால் பனிமலை. பயணிகள் எல்லாம் ஒரே நிறத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு காலையிலேயே படகில் இறங்கிப் போக, இவர் அவர்களுக்கு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு உரித்திருக்கிறார். பெரிய சமையல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணி நேரம் வாங்கி, காகிதக் குவளையில் சோற்றை அமுக்கிக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"யக்கா, மணி ஏழாவுது. வெயிலு அப்படியே நிக்கு. எட்டுக்குக் கப்பல் கெளம்பிரும். இங்கன ஒரு மரங்கூட கெடையாது, காக்கா எங்கன வந்து உக்காரும்? பாறையில சோத்த வச்சிருக்கேன். காலையிலேருந்து ஒண்ணும் திங்கல."

மறுபடியும் காற்று. வெகுநேரம் காற்று மட்டும்தான். அம்மா டேப்ரிக்கார்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று பறவைகளின் கூச்சல்.

"யக்கா, காக்கா வந்துட்டு. நாலஞ்சு வந்துருக்கு. எடுத்துட்டு, அப்பா எடுத்துட்டாவ. நான் சாப்புடுதேன்."

அது கா கா என்ற சத்தமில்லை. திருச்செந்தூர் கடற்கரையில் படகுகளைச் சுற்றிப் பறக்குமே வெள்ளைப் பறவைகள், அவை கத்துகிற அதே இழுவை. எனக்குச் சந்தேகமே இல்லை.

"எம்மா, அது காக்கா இல்ல. மாமா பொய் சொல்லுதாவ" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காக்காதாம்ட்டி. அந்தக் குளிருக்கு ஒங்க தாத்தா வெளுத்துப் போயிருப்பாவ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூகோளப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எந்தப் பறவை எங்கே இருக்கும் என்று தெரிந்ததும் தெரியாததுமாக விளக்க ஆரம்பித்தேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேசட்டைப் பின்னால் சுற்றி அந்த இடத்தையே மறுபடியும் போட்டாள். பறவைகள் கத்தின. நிறுத்திச் சுற்றி மறுபடியும் போட்டாள். நான் சொன்னதில் சந்தேகம் வந்து, காக்கைதானா என்று சோதிக்கிறாள் என்று நினைத்து எனக்குள் ஒரு வெற்றி.

பறவைச் சத்தம் அடங்கிய பிறகும் அந்த கேசட்டில் அரை நிமிடம் மிச்சம் இருந்தது. காற்றுக்கு நடுவே, ஆறிப்போன சோற்றை மாமா அவசர அவசரமாக மெல்லுகிற சத்தம். அன்று சாயங்காலம் முழுக்க அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது அந்த அரை நிமிடத்தைத்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.